பழைய மாருதி ஜென்னா, ரேஸ் டிராக்கா, வீட்டுக்குள் ஸ்டீயரிங்கா: வீட்டில் எது எடுபடும்?

சமையல் மேடையில், அரைக்க எடுத்து வைத்திருந்த தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில், எண்ணெய் வாசம் அடிக்கும் ஒரு பார்சல். பிரித்தால் கார்புரேட்டர். "இது என்னங்க?" என்றாள் மனைவி. "பழசுதான், ஆனா ஒரிஜினல்" என்றேன். அவள் கேட்டது அது இல்லை என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அன்றைக்குச் சட்னியில் பெட்ரோல் வாசம் வந்ததாகப் பையன் இன்றுவரை சொல்கிறான்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு, சொந்த ஊர் வாணியம்பாடி, வீட்டுக்கென்று ஒரு சின்ன ஹேட்ச்பேக், கடன் முடிந்தது. இரண்டு பேருக்கும் சம்பளம் உண்டு. எனக்குக் கார் பைத்தியம், அவளுக்கு இல்லை. (உங்கள் வீட்டில் இது தலைகீழாக இருந்தால் ஆளை மாற்றிப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.) நாலு வருடத்தில் இந்தப் பைத்தியத்துக்குச் செலவு செய்ய இருக்கும் வழிகளை ஏறக்குறைய எல்லாமே முயற்சி செய்து பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றையும் வீட்டில் நியாயப்படுத்தவும் பார்த்தாகிவிட்டது. எது நின்றது, எது கவிழ்ந்தது என்பதைத்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன்.

குதிரைசக்தி, டார்க் எல்லாம் இங்கே அளவுகோல் இல்லை. என் மனைவி ஒவ்வொரு தடவையும் கேட்கும் மூன்று கேள்விதான் அளவுகோல். மாசம் எவ்வளவு ஆகும்? எங்க நிறுத்துவீங்க? ஞாயிற்றுக்கிழமை வீட்ல இருப்பீங்களா? ரொம்ப நாளாக முதல் கேள்விக்கு மட்டும் பதில் தயார் செய்துகொண்டு போனேன், அதுவும் குறைத்துச் சொன்ன பதில். சண்டை வந்ததெல்லாம் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில்தான்.

முதலில் இருக்கிற வண்டியையே மாற்றுவது. அலாய் வீல், தாழ்த்திய ஸ்பிரிங், எஞ்சின் ரீமேப் (கம்ப்யூட்டர் வைத்து எஞ்சின் செட்டிங்கை மாற்றுவது), சத்தமான சைலன்சர். இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில், ஏனென்றால் கூடுதலாக இடம் வேண்டாம். ஆனால் இது குடும்ப வண்டி, அங்கேதான் உதைக்கிறது. ஸ்பிரிங்கைத் தாழ்த்திவிட்டு ஊருக்குப் போனேன். தெருமுனை வேகத்தடையில் அடி உரசியபோது பின்சீட்டிலிருந்து மாமியார் நிதானமாகக் கேட்டார், "மாப்ள, நான் வேணா எறங்கி நடந்து வரட்டா?" அடுத்த வாரமே பழைய ஸ்பிரிங் திரும்பி ஏறியது, கூலி இரண்டு தடவை. சட்டமும் நம் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் போடலாம். பெயிண்ட் நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம், அது பரவாயில்லை. விபத்தில் இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது, சொல்லாமல் செய்த ரீமேப் எப்படித் திரும்பும் என்று யோசித்தால் இந்த வழியை வீட்டில் பேசவே வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது டிராக். நமக்குக் கிட்ட இருப்பவை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையும், கோயம்புத்தூரில் செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வேயும். முதலாவது 3.7 கிலோமீட்டர், 1990-ல் தொடங்கியது. இரண்டாவது 2.1 கிலோமீட்டர், ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவரதனின் பெயரில் இருப்பது. ஓட்டினால் அந்த மாதிரி ஒரு சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெங்களூரிலிருந்து முதலாவதுக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினேன், நுழைவுக் கட்டணம், பெட்ரோல், அறை, போகும் முன்பு மாற்றிய பிரேக் ஆயில், திரும்பியதும் மாற்றிய பிரேக் பேட் எல்லாம் சேர்த்து 27,000. டயர் தேய்ந்த கணக்கு தனி. வழக்கமான கார் இன்சூரன்ஸ் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும், அதனால் சுவரில் இடித்தால் அது முழுக்க நம் பணம். மூன்று கேள்வியில் இரண்டில் ஃபெயில்.

ஆனால் அதன் தம்பி இருக்கிறதே, கோ கார்ட், அதை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். ஊருக்குள்ளேயே இருக்கிறது, பத்து நிமிடத்துக்குச் சில நூறு ரூபாய், வண்டி அவர்களுடையது, நிறுத்த இடம் தேடவும் வேண்டாம். ஒரு ஞாயிறு மூவருமாகப் போனோம். மனைவி முதலில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் பையன் இழுத்ததால் ஹெல்மெட் மாட்டினாள். முடிந்ததும் டைமிங் சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒரு சுற்றுக்கு என்னைவிட 1.8 வினாடி வேகம். நான் 84 கிலோ, அவள் 58, சின்ன எஞ்சினில் அந்த எடை வித்தியாசம் சும்மா இல்லை என்று விளக்கினேன். அந்தச் சீட்டு இப்போதும் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தின் அடியில் இருக்கிறது, என் விளக்கம் எங்கேயும் ஒட்டப்படவில்லை. மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை அவளும் கூடவே இருக்கிறாளே!

வீட்டுக்குள் ஸ்டீயரிங் வைத்து கம்ப்யூட்டரில் ஓட்டும் சிமுலேட்டர் ரொம்பப் புத்திசாலித்தனமான வழி மாதிரி தெரியும். பெட்ரோல் இல்லை, துரு இல்லை, ஆர்.டி.ஓ. இல்லை. ஸ்டீயரிங்கும் பெடலும் 28,000, அதை மாட்ட இரும்பு ஸ்டாண்டு 9,000, செகண்ட் ஹாண்டில் கிராபிக்ஸ் கார்டு 21,000, ஆக 58,000. மாசச் செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு படுக்கையறை வீட்டில் இதை எங்கே வைப்பது? ஹாலில் வைத்தேன், துணி காயப்போடும் ஸ்டாண்டு அதற்காகப் பால்கனிக்குப் போனது, மழைக்காலத்தில் அது திரும்பி வந்தபோது சோபா நகர்ந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு பிரேக் பெடலை மிதித்தால் கீழ்வீட்டில் யாரோ அம்மியில் எதையோ இடிப்பது மாதிரி கேட்கிறதாம், கீழ்வீட்டு அம்மா மேலே வந்து கன்னடத்தில் ரொம்பப் பண்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அதைவிடப் பெரிய சிக்கல், ஆள் வீட்டில்தான் இருப்பான் ஆனால் இருக்க மாட்டான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம். "நீங்க டிராக்குக்குப் போனப்பவாச்சும் ஃபோன் பண்ணா எடுத்தீங்க" என்றாள். ஒன்றரை வருடம் கழித்து 36,000-க்கு விற்றேன். 22,000 நஷ்டம், அதாவது மாசம் 1,200 சொச்சம். பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் இது மோசமில்லை. தனியாக ஒரு அறை இருப்பவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன்.

வண்டியைக் கழுவி, பாலீஷ் போட்டு, மெழுகு தேய்ப்பதே பொழுதுபோக்காக இருப்பவர்களும் உண்டு. மலிவு, மனசுக்கு நல்லது. ஆனால் 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது குடிநீர் வாரியம் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த ஊர் இது. வீட்டில் டேங்கர் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் பக்கெட்டோடு கீழே இறங்கியிருந்தால் அந்த 5,000 எனக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்கும்.

இனி பழைய வண்டி

இதைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து விழுகிறோம்.

நான் வாங்கியது 1998 மாருதி ஜென். 993 சி.சி., முழு அலுமினிய எஞ்சின், இங்கே செய்து ஐரோப்பாவுக்கு சுசுகி ஆல்டோ என்ற பெயரில் அனுப்பிய வண்டி. 1993-ல் வந்து 2006-ல் நின்றது. விலை 55,000. "மாசம் ரெண்டாயிரம், மூவாயிரம் ஆகும், அவ்வளவுதான்" என்று வீட்டில் சொன்னேன். இரண்டு வருடம் முடிந்து ஒரு நாள் உட்கார்ந்து உண்மையாகக் கணக்குப் போட்டால் மேல்செலவு 1,37,000. விலையையும் சேர்த்தால் 1,92,000. 24 மாதத்தால் வகுத்தால் மாசம் சரியாக 8,000.

எங்கே போனது இவ்வளவும்? எஞ்சினில் போகவே இல்லை. ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகர் குஜிரியிலும் (பழைய சாமான் சந்தை) தேடினால் ஜென்னுக்கு இன்னும் சாமான் கிடைக்கிறது, மாருதி 800-க்கு அதைவிடச் சுலபம். பணத்தைத் தின்றது தகரம். கடல்காற்று இல்லாததால் பெங்களூர் வண்டிக்குத் துரு கொஞ்சம் குறைவுதான், சென்னை, மும்பை வண்டி என்றால் பேனட்டைத் திறக்கும் முன்பே குனிந்து அடியைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லையே. டிரைவர் பக்க ஃப்ளோர் மேட்டைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் தட்டிப் பார்த்தேன். முதல் தட்டு டங் என்றது, இரண்டாவதும் டங், மூன்றாவது தட்டில் சத்தமே இல்லாமல் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது, குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாக ரோட்டுச் சரளைக்கல் தெரிகிறது. முந்தைய ஓனர் பட்டி பூசி, மேலே தார் அடித்து மூடியிருக்கிறார். இதை வாங்கும் முன்பே தட்டியிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

டிங்கரிங் வேலைக்கு ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன், பெயர் வேண்டாம். மூன்று வாரம் என்றார்கள், 40,000 அட்வான்ஸ், ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் கண்ணாடி பீடிங் இல்லாமல் மழையில் நின்றதில் சீட்டெல்லாம் காளான் வாசம். ஒவ்வொரு ஞாயிறும் "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று போய் மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்புவேன். மூன்றாவது கேள்வி என்றேனே, அது இதுதான்.

காகிதச் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதை யாரும் சொல்வதில்லை. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது, 2025-ல் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். மேலே பசுமை வரி, எமிஷன் சான்று. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1,000 சி.சி.க்குள் என்றால் 2022 விகிதப்படி வருடம் 2,094, வரி தனி. ஊரிலிருந்து வேலூர் நம்பர் வண்டியை ஆசையாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும், அதற்கு அங்கே என்.ஓ.சி., இங்கே திரும்ப ஆயுள் வரி. விலை பத்தாயிரம் கூட இருந்தாலும் கே.ஏ. நம்பர் வண்டியே வாங்குங்கள். டெல்லிக்காரர்கள் இந்தப் பத்தியைப் படித்துப் பெருமூச்சு விடலாம், பெட்ரோலுக்கு 15 வருடம், டீசலுக்கு 10 என்ற தடையோடு அவர்கள் படும் இழுபறிக்கு நம் பாடு எவ்வளவோ மேல்.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய், கேஸ்கெட் எல்லாம் இதற்காகச் செய்தவை இல்லை. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டிக்குத்தான் இது அதிக ஆபத்து, பொழுதுபோக்கு வண்டி என்றால் பெரும்பாலும் நிற்கத்தானே செய்யும்! சமையல் மேடைக்கு வந்த அந்த கார்புரேட்டர் இதனால்தான் வந்தது.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிதான் வேண்டும் என்றால், மதராசில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, எழுபதுகளின் ஆரம்பத்து ஃபியட் போன்றவை, 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு செய்யலாம், புதிதாகப் பதிய 20,000. ஆனால் தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். "அப்ப காய்கறி வாங்கக்கூட ஆகாதா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால் அந்தப் பக்கம் போகவில்லை.

எந்த வாதம் எடுபடும்

நான் சொல்லிப் பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு போய் நிற்க வேண்டாம்.

"இது ஒரு முதலீடு." கழுத்தில் கிடந்த செயினைத் தொட்டுக் காட்டினாள், பேச்சு முடிந்தது. தங்கத்துக்கு எதிரே நிறுத்தி எந்தப் பழைய காரையும் தமிழ்க் குடும்பத்தில் ஜெயிக்க வைக்க முடியாது, அபூர்வமான வண்டிகள் சில விலை ஏறலாம், என்னுடைய ஜென் அந்த ஜாதி இல்லை.

"நான் என்ன தண்ணி அடிக்கிறேனா, சீட்டாடுறேனா?" இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் சொல்கிறார்கள், இதைப் போல மோசமான வாதம் கிடையாது. "அப்ப அதெல்லாம் பண்ணாம இருக்கறதுக்கு நான் மாசாமாசம் காசு கட்டணுமா?" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"வேலை டென்ஷன், மனசுக்கு ஒரு மாற்று வேணும்." உண்மைதான். ஆனால் அவள் வேலை ஒயிட்ஃபீல்டில். "நானும்தான் டின் ஃபேக்டரி ட்ராஃபிக்ல தினம் ஒரு மணி நேரம் நிக்கறேன், நான் என்ன ஏரோப்ளேனா வாங்கறேன்?"

"நானே ரிப்பேர் பண்ணக் கத்துக்கிட்டா வீட்டுக்கு மிச்சம்." இது மட்டும் பாதி நின்றது. ஜாக், ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், ஸ்பானர் செட் என்று 14,000 போட்டேன். வீட்டு வண்டிக்கு முன் பிரேக் பேட் மாற்ற 4,200 கேட்டார்கள், பேட் 1,650-க்கு வாங்கி நானே மாற்றினேன். இப்படி இன்னும் ஐந்தாறு வேலை செய்தால்தான் கருவிச் செலவு திரும்பும், அதை அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பேட்டரி உட்கார்ந்துவிட, ஜென்னிலிருந்து கேபிள் போட்டு இரண்டு நிமிடத்தில் கிளப்பினேன், அதற்கப்புறம் கருவிப்பெட்டியைப் பற்றி அவள் பேசியதில்லை.

எதுவுமே சொல்லாமல் மறைப்பது? செய்தேன். பார்சலை ஆபீசுக்கு வரவழைத்தேன், 40,000 அட்வான்ஸை 25,000 என்றேன். வருமான வரிக்காக ஜாயிண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்டை அவள்தான் வருடாவருடம் எடுப்பாள் என்பது எனக்கு மறந்துபோனது. அவள் சத்தம் போடவில்லை, அந்த வரியின் மேல் மஞ்சள் ஹைலைட்டர் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். ஜென்னின் தரையில் ஸ்க்ரூடிரைவர் இறங்கினபோதுகூட எனக்கு வயிறு அப்படிக் கலங்கவில்லை.

அதற்கப்புறம்தான் ஒழுங்கான பேச்சு நடந்தது. நியாயப்படுத்துவதை விட்டேன். இது செலவு, திரும்பி வராது, எனக்குப் பிடிக்கும், எவ்வளவு வரை போகலாம் என்று நீயும் சேர்ந்து சொல் என்றேன். தவணை தவணையாக ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்பது இரண்டு பேருக்கும் எரிச்சல், போனஸ் வந்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்வது ஆபத்து, ஏனென்றால் கையில் மொத்தமாக இருந்தால் இரண்டாவது வண்டி வந்துவிடும். கடைசியில் தனியாக ஒரு அக்கவுண்ட், ஒன்றாம் தேதி அதில் 4,000 விழும், அவளுக்கும் அதே தேதியில் அதே 4,000 தனியாக, எதற்கு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அவள் அதைச் சீட்டுக் கட்டுகிறாளா, புடவை வாங்குகிறாளா என்று எனக்குத் தெரியாது. பேசி முடித்தபோது அவள் சேர்த்தது ஒன்றே ஒன்று, ஞாயிறு பதினோரு மணிக்கு மேல் ஸ்பானர் கையில் இருக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், வாடகை வீடு, ஒரே பார்க்கிங் என்றால் கோ கார்ட்டோடு நிறுத்திக்கொள்வதே மேல். நான் பக்கத்து வீட்டு காலி இடத்துக்கு மாசம் 1,500 கொடுத்து ஜென்னை நிறுத்துகிறேன், அதுவும் அந்த 4,000-க்குள்தான், ஆக வண்டிக்கு மிஞ்சுவது 2,500. நான் முதலில் வாய்க்கு வந்தபடி சொன்ன தொகைக்கே வண்டி இப்போது வந்து நிற்கிறது, என்ன, இந்த வேகத்தில் பெயிண்ட் அடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும்.

இந்த மாதம் கியர்பாக்ஸ் மவுண்டு மாற்ற வேண்டும், ரிவர்ஸ் போட்டால் உதறுகிறது. சாமானும் கூலியும் 2,800 சொல்லியிருக்கிறார்கள். அக்கவுண்டில் இருப்பது 1,150. ஆனால் போன ஞாயிறு பேக்கரி வரை போய் வரலாம் என்று முதல் தடவையாக அவளாகவே ஜென்னில் ஏறி உட்கார்ந்தாள், கண்ணாடியை இறக்கப் பார்த்தாள், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. "எம் பக்கம் கண்ணாடி எறங்கணும்" என்றாள். கைப்பிடியும் உள்ளே இருக்கும் ரெகுலேட்டரும் சேர்த்து குஜிரியில் 900 கேட்கிறார்கள். மவுண்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிராத இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டியதுதான்.